பொதுமக்கள் அன்றாடம் கைவிலங்குச் சாவியை வைத்திருக்க வேண்டுமா?

என் சாவிக்கொத்தில் ஆறு வருடங்களாக ஒரு கைவிலங்குச் சாவி தொங்குகிறது. ஆனால் கேள்வி கேட்டவர் மனத்தில் இருக்கும் காரணத்துக்காக அல்ல. யாராவது கடத்திச் சென்று விலங்கு பூட்டிவிட்டால் உதவுமே என்று இடுப்பு வாரில் ஒரு சாவியைத் தைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். வேண்டாம் என்பதே என் பதில். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

நான் ஓர் அமெச்சூர் நாடகக் குழுவில் மேடைப் பொருட்களுக்குப் பொறுப்பாளன். ஒரு நாடகத்தில் கைதி வருகிறார். முதலில் பொம்மைக் கைவிலங்குதான் வைத்திருந்தோம். அதில் பக்கவாட்டில் ஒரு சிறு விசை இருக்கும், விரலால் தள்ளினால் திறந்துகொள்ளும். இயக்குநருக்கு அதன் ஓசை பிடிக்கவில்லை, "கொலுசு மாதிரி கேட்கிறது" என்றார். உடனே அசல் விலங்கு ஒரு ஜோடி வாங்கினோம். கடைசி ஒத்திகையன்று, காவலராக நடித்தவர் தன் காட்சி முடிந்ததும் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். கைதி முக்கால் மணி நேரம் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தண்ணீரை நாங்கள்தான் புகட்டினோம்.

சிரிப்பாக இருந்தது, முதல் பத்து நிமிடம் வரை. பிறகுதான் விலங்கு இறுகிக்கொண்டே போவது தெரிந்தது. விலங்கின் வளைந்த கரத்தில் ரம்பப் பற்கள் இருக்கும். உள்ளே வில்லால் அழுத்தப்பட்ட ஒரு நாக்கு அந்தப் பற்களில் விழுந்து உட்காரும். கரம் முன்னோக்கி நகரும், பின்னோக்கி நகராது. அதனால் கையை உதறினாலோ எதிலாவது இடித்தாலோ ஒவ்வொரு பல்லாக இறுகும். இதைத் தடுக்கத்தான் இரட்டைப் பூட்டு என்ற ஏற்பாடு இருக்கிறது. சாவியின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு ஊசியால் ஒரு துளையில் அழுத்தினால், நாக்கு அசையாதபடி ஒரு தண்டு உள்ளே நகர்ந்து நிற்கும். அதற்குப் பிறகு விலங்கு இறுகவும் செய்யாது, தளரவும் செய்யாது. எங்களுக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. பாவம், அவருக்குக் கட்டைவிரலின் பின்புறம் இரண்டு வாரம் மரத்துப்போயிருந்தது. மணிக்கட்டில் எலும்பை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே ஓடும் நரம்பு அழுந்தினால் அப்படித்தான் ஆகும் என்று மருத்துவர் சொன்னார்.

அன்று முதல் ஒரு சாவி என் கொத்துக்கு வந்தது. அதோடு ஆர்வமும் வந்தது. இன்று பரவலாகப் புழங்கும் விலங்கின் வடிவம், கரம் ஒரு பக்கம் நுழைந்து முழுச் சுற்றும் சுழலும் வடிவம், 1912இல் ஜார்ஜ் கார்னி காப்புரிமை பெற்றது. பீர்லெஸ் நிறுவனம் அதைத் தயாரிக்கத் தொடங்கியபின் உலகம் முழுவதும் பரவியது. பீர்லெஸ், ஸ்மித் அண்ட் வெசன் போன்ற நிறுவனங்களின் சாதாரண விலங்குகளை ஒரே அளவுச் சாவிதான் திறக்கும். பலருக்கு இது அதிர்ச்சி தரும். ஆனால் வேறு வழியில்லை. பூட்டுபவர் ஒரு காவலர், சிறையில் திறப்பவர் இன்னொருவர். ஒவ்வொரு விலங்குக்கும் தனிச் சாவி என்றால் தினமும் எங்கள் ஒத்திகைக் கதைதான் நடக்கும். இந்த ஒரே சாவி வசதியை வைத்துத்தான் "சாவி வைத்துக்கொள், எந்த விலங்கையும் திறக்கலாம்" என்ற பேச்சு கிளம்புகிறது. 'எந்த' என்ற சொல்தான் பொய். உயர் பாதுகாப்பு வகைகளுக்கு வேறு சாவி. பிரிட்டனில் முன்பு புழங்கிய டார்பி வகைக்குத் திருகுச் சாவி.

சரி, சாவி பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். நான் சோதித்துப் பார்த்தேன். நண்பர் ஒருவர் என் கைகளை முதுகுக்குப் பின்னால், புறங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துப் பூட்டினார். சாவித் துளைகள் விரல்களுக்கு எளிதில் எட்டாத பக்கம் இருந்தன. இரட்டைப் பூட்டும் போட்டார். சாவி என் பின் பையில். அதை எடுத்தது பெரிய காரியமில்லை. துளையைத் தடவிக் கண்டுபிடித்து, எந்தப் பக்கம் திருப்பினால் இரட்டைப் பூட்டு விலகும் என்று நினைவுபடுத்தி, பிறகு எதிர்ப் பக்கம் திருப்புவதற்குள் சாவி இரண்டு முறை கீழே விழுந்தது. இரண்டாம் முறை தரையில் படுத்துத் தேடினேன். பதினாறு நிமிடம் ஆனது. அதுவும் விளக்கு எரியும் அறையில், எதிரே நண்பர் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, உயிர்ப் பயம் ஏதுமின்றி. சங்கிலிக்குப் பதில் கீல் வைத்த வகையில் மணிக்கட்டைத் திருப்பவே முடியவில்லை. அதில் நான் தோற்றேன்.

விலங்கிலிருந்து விடுபடுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவர் ஹூடினி. 1904 மார்ச்சில் லண்டன் ஹிப்போட்ரோம் அரங்கில், ஒரு பத்திரிகை சவாலாகக் கொண்டுவந்த சிறப்பு விலங்கிலிருந்து வெளிவர அவருக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. நமக்கு?

இன்னொன்று. கடத்துபவன் காவல்துறை விலங்கைத் தேடி வாங்கிக்கொண்டு வருவான் என்பது கற்பனை. கைக்குக் கிடைக்கும் கயிறு, ஒட்டும் நாடா, பிளாஸ்டிக் கட்டுப் பட்டை, இவற்றுக்கெல்லாம் சாவித் துளை கிடையாது. ஆக, அந்தச் சாவி யார் பூட்டிய விலங்கைத் திறக்கும்? பெரும்பாலும் காவலர் பூட்டியதை. அங்கேதான் விஷயம் தலைகீழாகிறது.

1998 மே மாதம் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் கைதான ஒருவன், மறைத்து வைத்திருந்த சாவியால் விலங்கைத் திறந்தான். வாகனத்தில் இருந்த இரண்டு துப்பறிவாளர்களைச் சுட்டுக் கொன்றான், தப்பிப் போகும் வழியில் நெடுஞ்சாலைக் காவலர் ஒருவரையும் கொன்றான். அந்த மாநிலச் சட்டப்படி, காவலர் விலங்கிட்ட நிலையில் ஒருவரிடம் மறைத்த சாவி இருந்தால் அது ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 'மறைத்த' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தைக் கவனியுங்கள்: சாவிக்கொத்தில் சேராமல் பையில் தனியாகக் கிடப்பது, கழுத்துச் சங்கிலியில் தொங்குவது, உடையில் ஒட்டியோ கட்டியோ வைப்பது. விலங்கு பூட்டியதும் நாமாகவே அதிகாரியிடம் சொல்லிவிட்டால் அதைத் தற்காப்பு வாதமாக முன்வைக்கலாம். எல்லா இடத்திலும் இப்படிச் சட்டம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த நாட்டுக் காவலரானாலும், உங்கள் இடுப்பு வாரைத் தடவும்போது உள்ளே தைத்த சாவி தட்டுப்பட்டால் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்? ஏதோ தவறான புரிதலால் பிடிக்கப்பட்ட அப்பாவி, அந்த நொடியில் திட்டமிட்டு வந்தவனாகிவிடுவான். பிறகு யார் விளக்கினாலும் எடுபடாது.

எனக்கு ஒரு முறை கட்டடப் பாதுகாப்புச் சோதனையில் காவலாளி அந்தச் சாவியை அடையாளம் கண்டுகொண்டார். வீட்டுச் சாவி, வண்டிச் சாவியோடு கொத்தில் பளிச்சென்று தொங்கியதால் "நாடகத்துக்கா?" என்ற ஒரு கேள்வியோடு விட்டுவிட்டார். அவரும் மேடையேறியவராம்.

நாடகம், மாயவித்தை, கைவிலங்கு சேகரிப்பு, பாதுகாப்புப் பணி என்று உங்களுக்கு விலங்கோடு நேரடிப் புழக்கம் இருந்தால் தாராளமாக ஒரு சாவி வைத்துக்கொள்ளுங்கள், கொத்தில், எல்லோருக்கும் தெரியும்படி. வீட்டில் அசல் விலங்கு ஒன்று கிடந்து, பிள்ளைகள் எடுத்து விளையாட வாய்ப்பிருந்தால் அதுவும் போதுமான காரணம்தான். அப்போது இரண்டு சாவி வையுங்கள். மற்றவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு சிறு டார்ச் தொங்கினால் வாரம் ஒரு முறையாவது பயன்படும்.

எங்கள் பழைய கைதி இப்போது அப்பா வேடம் போடுகிறார். போன மாதம் மறுபடி ஒரு கைதிக் காட்சி வந்தது, இளைஞர் ஒருவர் நடித்தார். பூட்டுவதற்கு முன் பழையவர் என்னிடம் வந்து, ஒன்றும் பேசாமல் கையை நீட்டிச் சாவிக்கொத்தை வாங்கி, அந்தச் சாவியை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.