டி.எம்.எல்.டி.யா, பி.எஸ்சி.யா: மகளை எதில் சேர்க்கலாம்?

கேள்வி: குலசேகரம் பக்கம் இருக்கிறோம். மகள் பிளஸ் டூ பயாலஜி குரூப் முடித்துவிட்டாள், லேப் டெக்னீசியன் படிக்க ஆசைப்படுகிறாள். அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டு வருட டி.எம்.எல்.டி.க்கு (மருத்துவ லேப் டெக்னாலஜி டிப்ளமோ) விண்ணப்பித்திருக்கிறோம். தனியார் கல்லூரி ஒன்றில் அதையே டிகிரியாக, பி.எஸ்சி. எம்.எல்.டி. என்று படிக்க மொத்தம் 4,80,000 ரூபாய் கேட்கிறார்கள். மார்த்தாண்டத்தில் ஒரு சென்டரில் ஒரே வருடம், 45,000 ரூபாய், வேலை நிச்சயம் என்கிறார்கள். அவள் அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். எங்கள் தெருவில் பி.எஸ்சி. முடித்த பெண்ணுக்கே 12,000 ரூபாய்தான் சம்பளம். எதில் சேர்ப்பது?

பதில்: அக்கா, முதலில் அந்த ஒரு வருட சென்டரை விட்டுவிடுங்கள். மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்காக 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தில், குறைந்தது இரண்டு வருடம், 2,000 மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் இடங்களை நினைத்துப் பாருங்கள். அரசு வேலை என்றால் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் படித்தாயா என்று பார்ப்பார்கள், திருவனந்தபுரம் போனால் கேரளா பாராமெடிக்கல் கவுன்சில் பதிவு கேட்பார்கள், கல்ஃப் என்றால் டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பு நிறுவனம் மூலமாகச் சான்றிதழ் கொடுத்த இடத்துக்கே கேட்டுச் சரிபார்ப்பார்கள். 45,000 கட்டி வாங்கும் காகிதம் இதில் எங்கே செல்லும்?

அடுத்து அந்த 4,80,000. உங்கள் தெருப் பெண்ணின் சம்பளத்தில் கணக்குப் போட்டால் 40 மாதச் சம்பளம், அதுவும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் எடுத்து வைத்தால். மூன்று வருடப் படிப்பு என்று சொன்னாலும் அதற்குப் பிறகு ஒரு வருடம் இன்டர்ன்ஷிப் உண்டு, ஆக நான்கு வருடம். டி.எம்.எல்.டி. படித்த பிள்ளை அதற்கு இரண்டு வருடம் முன்பே சம்பாதிக்கத் தொடங்கிவிடும். கல்விக் கடனுக்குப் படிக்கும்போதும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், சரி, ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். மழைக்காலத்தில் பால்வெட்டு நின்று போகிற வீட்டில் மாதத் தவணை என்பது எவ்வளவு பெரிய பாரம் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஃபீஸை மட்டும் பார்த்தும் முடிவெடுக்காதீர்கள். இந்தத் தொழிலில் பிள்ளையின் கை பழகியிருக்க வேண்டும். தனியார் கல்லூரிக்குப் போகும்போது ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்துவிடாமல், கடைசி வருடம் படிக்கிற ஒரு பெண்ணைத் தனியாகப் பிடித்துக் கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு ரத்தம் எடுப்பாய், ரத்த அணுக்களைப் பார்க்க லீஷ்மன் ஸ்டெயின் என்ற சாயம் போட்டு ஸ்லைடை நீயே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாயா, ரத்த வங்கியில் கிராஸ்மேட்ச் (ஏற்றப்போகும் ரத்தம் நோயாளிக்குப் பொருந்துமா என்ற சோதனை) செய்திருக்கிறாயா, கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கிற கல்ச்சர் போட்டிருக்கிறாயா? தயங்காமல் பதில் வந்தால் நல்ல இடம். சொந்த ஆஸ்பத்திரி இல்லாத கல்லூரி என்றால், பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்பதையும் கேளுங்கள். சில இடங்களில் பிள்ளைகள் ரிப்போர்ட் டைப் செய்தும் சிவப்பு மூடி, ஊதா மூடி ட்யூபில் பெயர் ஒட்டியுமே பயிற்சிக் காலத்தைக் கழித்துவிடுகிறார்கள். பாவம், பிறகு இன்டர்வியூவில் ஒரு குழந்தைக்கு ரத்தம் எடுக்க நரம்பு பிடிக்கச் சொன்னால் கை நடுங்கிவிடும். அரசு ஆஸ்பத்திரியில் அந்தக் கவலை குறைவு, காலையில் ரத்தம் எடுக்குமிடத்தில் நிற்கிற கூட்டமே பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிடும்.

அதனால் அரசு டி.எம்.எல்.டி. சீட் கிடைத்தால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். அரசு கவுன்சலிங்கில் பி.எஸ்சி. எம்.எல்.டி.யும் உண்டு, அதற்கும் விண்ணப்பியுங்கள், கிடைத்தால் அது இன்னும் நல்லது. கல்ஃபில் டெக்னாலஜிஸ்ட் பதவிக்கு டிகிரி கேட்பார்கள், டிப்ளமோவுக்கு டெக்னீசியன் வேலைதான். மேலே எம்.எஸ்சி. படிக்கவும் டிகிரி வேண்டும். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், டிப்ளமோவுக்கும் அது உண்டு, விட்டுவிடாதீர்கள்.

இரண்டும் கிடைக்காவிட்டால் மட்டும் தனியார் பி.எஸ்சி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு அந்தப் படிப்புக்கே இருக்கிறதா என்று பாருங்கள், கல்லூரிக்கு இருந்தால் மட்டும் போதாது. ஹாஸ்டல், பஸ், பரீட்சை ஃபீஸ், யூனிஃபார்ம் எல்லாம் அந்த 4,80,000-க்குள் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். அப்புறம், அரசு கவுன்சலிங் முடியும்வரை, சீட் போய்விடும் என்று யார் அவசரப்படுத்தினாலும் சரி, ஒரிஜினல் மார்க்‌ஷீட்டையும் டி.சி.யையும் எங்கேயும் கொடுத்துவிடாதீர்கள்.