டான்யூப் கரையில் ‘டேக் டைவர்ஷன்’: சைக்கிள் பயணக் கேள்வி பதில்

டான்யூப் கரையோரமாகச் சைக்கிளில் போகத் திட்டமிடுபவர்கள் கேட்டவை இவை. ஜெர்மனியின் பாசவ் முதல் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரையிலான சுமார் 320 கிலோமீட்டர் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பாதையில் நான் பலமுறை போயிருப்பதால் பதிலும் அங்கேதான் நீள்கிறது.

அண்ணா, பாதை மூடியிருக்கிறது என்று பலகை வைத்திருந்தால் அதை நம்பிச் சுற்றிப் போகணுமா? இல்லை, கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாமா? (கோவை)

ரோடு வேலைக்காக மூடியிருந்தால் மஞ்சள் பலகையின் அம்புக்குறியைப் பிடித்துப் போங்கள். ஒரு ஊரைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஆற்றங்கரைக்கே வந்துவிடுவீர்கள். வெள்ளத்துக்காக மூடியிருந்தால் கதை வேறு. பாதையின் பெரும்பகுதி, முன்பு குதிரைகள் படகிழுத்த கரைப்பாதை. தண்ணீரை ஒட்டியே போகும். வெள்ளம் வடிந்தாலும் உடனே திறக்க மாட்டார்கள். படிந்த வண்டலை வாரி எடுக்கும் வரை வழுக்கும், அதில் பாரம் கட்டிய சைக்கிளைத் தள்ளக்கூட முடியாது.

சுற்று எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், ஆற்றைக் கடக்க அடுத்த இடம் எது என்று பாருங்கள். பாசவுக்கும் வியன்னாவுக்கும் நடுவில் பெரும்பாலும் இரு கரையிலும் பாதை உண்டு. ஒரு கரை மூடினால் மறு கரை இருக்கும், அதற்குப் போக வழி வேண்டும், அவ்வளவுதான். பாலங்கள் தவிர, யோஹன்ஸ்டைன், ஊப்ஸ்-பெர்சன்போய்க் போன்ற நீர்மின் அணைகளின் மேலேயும் சைக்கிளில் கடக்கலாம். சிலவற்றில் இரவில் கதவைச் சாத்திவிடுவார்கள்.

மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் போகும்போது மழை பிடித்துக்கொண்டால்? (சிங்கப்பூர்)

எல்லாரும் படம் பிடிக்கும் வாஹவ் பள்ளத்தாக்கு அதுதான். மாட்டிக்கொண்டால் சிக்கலான இடமும் அதுதான். மெல்க் பாலத்தை விட்டால் கிரெம்ஸுக்குப் பக்கம் மவுட்டர்ன் வரை 30 கிலோமீட்டருக்கு மேல் பாலமே கிடையாது. நடுவில் ஸ்பிட்ஸ், வைசன்கிர்கன், டியூர்ன்ஸ்டைன் ஆகிய ஊர்களில் படகு உண்டு. ஸ்பிட்ஸ் படகு இரும்புக் கயிற்றில் கோத்து, ஆற்றின் ஓட்டத்தாலேயே நகர்வது. தண்ணீர் ஏறினால் முதலில் நிற்பது இந்தப் படகுகள்தான். அதனால் வடகரையா தென்கரையா என்பதை மெல்க்கிலேயே, தங்கும் விடுதியில் விசாரித்து முடிவு செய்யுங்கள்.

இரண்டு கரையும் மூடினால், மெல்க்கில் ரயிலேறி சாங்க்ட் பூல்டனில் இறங்கி, ட்ரைசன் ஆற்றோரச் சைக்கிள் பாதையில் வடக்கே போய் ட்ரைஸ்மவரில் டான்யூபைப் பிடிக்கலாம். மேடு பள்ளமில்லாத பாதை. ஆனால் டான்யூப் பொங்கும்போது துணையாறும் பொங்கலாம். 2024 செப்டம்பர் வெள்ளத்தில் சாங்க்ட் பூல்டன் பகுதியே அடி வாங்கியது. கையில் நாள் இருந்தால் மெல்க்கில் காத்திருப்பதே என் வாக்கு. வாஹவைப் பார்க்காமல் ரயிலில் தாண்டிவிட்டு அப்புறம் எதற்கு இவ்வளவு தூரம் போனது?

ரயில் இருக்கும்போது எதற்கு இந்தக் கவலை? (சென்னை)

அதே 2024 வெள்ளத்தில் வியன்னாவுக்கும் சாங்க்ட் பூல்டனுக்கும் இடையிலான புதிய அதிவேகப் பாதையின் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து, டிசம்பரில்தான் திறந்தார்கள். அதுவரை பழைய தடத்தில்தான் வண்டிகள் ஓடின. சாதாரண நாளிலும் ரயில்ஜெட் என்ற அதிவேக ரயிலில் சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம். உள்ளூர் ரயிலில் சைக்கிள் டிக்கெட் போதும், இடம் இருந்தால்.

ஷ்லோகன் வளைவில் வடகரையில் வழி இல்லை என்கிறார்களே? (யாழ்ப்பாணம்)

உண்மைதான். பாசவுக்குக் கிழக்கே ஆறு வளைந்து திரும்பும் இடம் அது. ஆவ் என்ற இடத்தில் பாதை முடிந்து காட்டுச் சரிவு தொடங்கிவிடும். அங்கிருந்து நேரே எதிர்க்கரைக்கோ, கீழே கிராஃபெனவுக்கோ படகில்தான் போகணும். படகுகள் கோடைப் பருவத்தில் மட்டும்தான் ஓடும். மார்ச்சிலோ நவம்பரிலோ போகிறவர்கள் முன்கூட்டியே தென்கரைக்கு மாறிவிடுங்கள்.

சார், என்னிடம் ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா. கருங்கடல் வரை போக ஆசை. (திருச்சி)

இது எந்த வெள்ளத்தையும் விடப் பெரிய தடை. ஷெங்கன் என்பது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம். குரோவேஷியா 2023 முதல் அதில் இருக்கிறது. அடுத்த நாடான செர்பியா இல்லை. செர்பியாவுக்குள் கால் வைத்தால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. ருமேனிய எல்லையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பலமுறை நுழையும் விசா கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஆற்றை விட்டுவிட்டு, ஹங்கேரியின் செகெட் வழியாக ருமேனியாவின் டிமிஷோவாராவுக்குப் போய், ஓர்ஷோவாவில் டான்யூபைப் பிடியுங்கள். 2025 ஜனவரி 1 முதல் ருமேனியாவும் முழு ஷெங்கன் என்பதால் அந்த எல்லையில் வழக்கமான பாஸ்போர்ட் சோதனை இல்லை. செர்பிய-ருமேனிய எல்லையில் மலைகளுக்கு நடுவே ஆறு ஓடும் இரும்பு வாயில் பள்ளத்தாக்கின் செர்பியப் பக்கத்தைப் பார்க்க முடியாமல் போய்விடும், அது இழப்புதான்.

செர்பியப் பக்கம் போக விசா இருக்கிறது. சுரங்கங்கள் பயமா? (லண்டன்)

இரும்பு வாயிலின் அந்தக் கரையில் இருபதுக்கு மேல் சாலைச் சுரங்கங்கள். பெரும்பாலும் சின்னவை, ஆனால் உள்ளே இருட்டு. பின்விளக்கு இரண்டு போடுங்கள். லாரிச் சத்தம் கேட்டால் வாசலிலேயே நின்று அதைப் போகவிட்டு நுழையுங்கள்.

திடீர் சுற்றுக்கு என்ன சாப்பாடு வைத்துக்கொள்வது? (மதுரை)

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கவனம். ஆஸ்திரியாவில் அன்று சூப்பர் மார்க்கெட்டுகள் பெரும்பாலும் மூடியிருக்கும். பெட்ரோல் பங்க் கடையும் பெரிய ரயில் நிலையக் கடையும்தான் கதி. கரையை விட்டு மேட்டு ஊர்கள் வழியாகச் சுற்ற நேர்ந்தால் அவையும் இருக்காது. சனிக்கிழமை மாலையே ரொட்டி, சீஸ், வாழைப்பழம் வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.