சான்றிதழ் தேக்கு: பில்லைப் பாருங்கள்

கேள்வி: கானாடுகாத்தானில் பூர்வீக வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறோம். வளவில் (உள்முற்றப் பகுதியில்) கரையான் அரித்த கதவு நிலைகளுக்கும் கதவுகளுக்கும் எஃப்.எஸ்.சி. (பொறுப்பாகப் பராமரிக்கும் காடு, தோட்டங்களின் மரத்துக்குச் சான்றளிக்கும் சர்வதேச அமைப்பு) தேக்கு தருவதாகச் சொல்லி, உருட்டுமரத்தில் முத்திரையும் காட்டினார் மரவாடிக்காரர். நம்பலாமா?

பதில்: முத்திரையை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மரத்தின் முனையில் அடித்த பெயின்ட், அறுத்ததும் கழிவோடு போய்விடும். ஆதாரம் பில்லில் இருக்க வேண்டும்.

தோட்டத்துக்கு ஒரு சான்றிதழ். அதன்பின் மரத்தை வாங்கி விற்கும் இறக்குமதியாளர், வாடிக்காரர் என ஒவ்வொருவருக்கும் தனியாக 'செயின் ஆஃப் கஸ்டடி' (மரம் கைமாறும் வழியைத் தொடரும்) சான்றிதழ் வேண்டும். கூலிக்கு அறுக்கும் மில்லை மட்டும் வாடிக்காரர் ஒப்பந்தம் போட்டுத் தன் சான்றிதழுக்குள் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் ஒருவரிடம் இல்லாவிட்டாலும் தொடர் அறுந்துவிடும். பிறகு அது கோஸ்டாரிகாவில் முறையாக வளர்ந்த தேக்கானாலும் சாதா தேக்குதான்.

வாடிக்காரரின் உரிம எண்ணைக் கேளுங்கள், 'எஃப்.எஸ்.சி-சி' என்று தொடங்கி ஆறு இலக்கம் இருக்கும். எஃப்.எஸ்.சி.யின் இணையத் தேடலில் அதைப் போட்டால் சான்றிதழ் நடப்பில் உள்ளதா என்று தெரியும். ஐந்தாண்டுச் சான்றிதழ்தான், ஆனால் இடையில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கலாம். பில்லில் உள்ள கடைப்பெயரும் அதே பெயரா, பொருள் பட்டியலில் அறுத்த மரம் உண்டா என்றும் பாருங்கள். பில்லில் சான்றிதழ் எண்ணும், தேக்குக்கு நேராக 'எஃப்.எஸ்.சி. 100%' (முழுதும் சான்றிதழ் மரம்) அல்லது 'எஃப்.எஸ்.சி. மிக்ஸ்' (கலப்பு) என்றும் இருக்க வேண்டும். லெட்டர்பேடில் லோகோ இருப்பது கணக்கில் வராது. வனத்துறை பெர்மிட்டும் இதற்கு ஈடாகாது. மரத்தைச் சட்டப்படி கொண்டுவந்தார்கள் என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

இன்னொன்று, மரத்தின் வைரத்தை (கெட்டியான நடுப்பகுதியை) பற்றிச் சான்றிதழ் எதுவும் சொல்லாது. இளம் தோட்டத் தேக்கில் வெளிறு (வைரத்தைச் சுற்றிய வெளிர்நிற வெளிப்பகுதி) அதிகம். கரையான் முதலில் தேடுவது அதைத்தான். ஆர்டரிலேயே 'வெளிறு கூடாது, ஈரம் 12 சதவீதத்துக்குள்' என்று எழுதி, இறக்கும்போது ஈரமானி வைத்துப் பாருங்கள். ஈரமாக வந்த பலகை, கதவானபின் சுருங்கி இணைப்பு விடும். எங்கள் யோசனை: முழு நிலையையும் பிடுங்க வேண்டாம். அரித்த அடிப்பாகத்தை மட்டும் வெட்டி, ஆசாரியிடம் ஒட்டுப்போடச் சொல்லுங்கள்.

விடுதி விளம்பரத்தில் எஃப்.எஸ்.சி. லோகோ போடத் தனி உரிமம் வேண்டும். மரம் வாங்கிய பில் போதாது.

கேள்வி: காரைக்குடியில் வாங்கும் பழைய பர்மா தேக்குத் தூணுக்குச் சான்றிதழ் உண்டா?

பதில்: பழைய மரத்துக்கு 'எஃப்.எஸ்.சி. ரீசைக்கிள்டு' என்ற பிரிவு இருக்கிறது. ஆனால் விற்பவரிடம் சான்றிதழ் இருந்தால்தான் அப்படி விற்க முடியும். இல்லாவிட்டாலும் புதிதாக மரம் வெட்டுப்படவில்லையே, தாராளமாக வாங்கலாம். பில்லில் 'பழைய மரம்' என்று எழுதி வாங்குங்கள். 'புது பர்மா உருட்டுமரம்' என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். மியான்மர் 2014லேயே உருட்டுமர ஏற்றுமதிக்குத் தடை போட்டுவிட்டது.