வளையமா ஒரு ப்ளாக் ஹோல் இருக்க முடியுமா?

கேள்வி: அண்ணா, நான் எம்.எஸ்சி. ஃபிசிக்ஸ் படிக்கிறேன். செமினார்ல அஞ்சு டைமென்ஷன் ப்ளாக் ஹோல் பத்தி பேசறேன்னு சொன்னேன். நீளம், அகலம், உயரம், நேரம்னு நமக்கு இருக்கறதே நாலு, இல்லாத அஞ்சாவதுக்கு எக்ஸாக்ட் சொல்யூஷன் (ஐன்ஸ்டீனோட ஈர்ப்பு ஈக்வேஷனுக்கு தோராயமில்லாத முழு விடை) எதுக்குன்னு கூடப் படிக்கறவங்க கேக்கறாங்க. என்ன சொல்றது?
- மாணவி, பாலக்கோடு

பதில்: தாராளமா அதையே பேசும்மா. அவங்க கேக்கறது நியாயமான கேள்விதான், ஆனா அதுக்கு நல்ல பதில் இருக்கு. ப்ளாக் ஹோல்னா இப்படித்தான்னு நாம நெனச்சிட்டிருக்கறதுல எது ஈர்ப்போட குணம், எது நாலுங்கற எண்ணிக்கையால வந்த குணம்னு எப்படிப் பிரிக்கறது? எண்ணிக்கைய மாத்திப் போட்டுப் பாத்தாதான் தெரியும்.

சின்னதுல இருந்து ஆரம்பி. முதல் உலகப்போர்ல ரஷ்ய முனையில இருந்துகிட்டே ஷ்வார்ட்ஸ்சைல்ட் கண்டுபுடிச்ச சொல்யூஷன் 1916-ல வெளிவந்துச்சு, அதுல சுத்தாத ப்ளாக் ஹோலோட ஈர்ப்புப் பொட்டென்ஷியல் "மாஸ் வகுத்தல் தூரம்"னு வரும், இது தூரத்தோட எவ்வளவு வேகமா மாறுதுங்கறதுதான் இழுவிசை. 1963-ல டாங்கெர்லினி அதையே எத்தன டைமென்ஷனுக்கும் எழுதினாரு, அஞ்சுல அது "மாஸ் வகுத்தல் தூரத்தோட வர்க்கம்"னு ஆயிடும். அதாவது ரொம்ப தள்ளி நின்னு பாத்தா, தூரம் ரெண்டு மடங்கானா நமக்கு இழுவிசை நாலுல ஒரு பங்கு, அங்க எட்டுல ஒரு பங்கு. இத கையாலயே போட்டுப் பாரு, ஒரு சாயங்காலத்துல முடியற கணக்குதான், செமினார்ல போர்டுல போட்டுக் காட்டினா எல்லாரும் கூடவே வருவாங்க.

சுத்தற ப்ளாக் ஹோல்தான் கஷ்டம். அதே 1963-லதான் கெர் நம்ம நாலுக்கு கண்டுபுடிச்சாரு, மத்த டைமென்ஷனுக்கு மையர்ஸும் பெரியும் 1986-ல எழுதினாங்க. நம்ம இடத்துல ஒரு பொருள் ஒரு தளத்துல சுத்தும், அவ்வளவுதான், ஆனா இடம் மட்டுமே நாலு திசையா இருந்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு தளத்துல ஒரே நேரத்துல சுத்தலாம். ஆறும் அதுக்கு மேலயும் போனா, ஒரே தளத்துல சுத்தற ப்ளாக் ஹோலோட ஸ்பின்னுக்கு, அதாவது சுத்தற அளவுக்கு, உச்ச வரம்பே கெடையாது. நம்ம கெர் ப்ளாக் ஹோலுக்கு கண்டிப்பா வரம்பு உண்டு.

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். நம்ம நாலுல, சார்ஜ் இல்லாம நிலையா இருக்கற ப்ளாக் ஹோலோட மாஸும் ஸ்பின்னும் தெரிஞ்சா போதும், அது கெர் சொன்னதேதான், வேற எதுவா இருக்கவும் முடியாதுன்னு இஸ்ரேல், கார்ட்டர், ராபின்சன் எல்லாம் சேந்து நிரூபிச்சாங்க. அதோட ஹொரைசான், அதாவது தாண்டி உள்ள போனா திரும்ப முடியாத எல்லை, உருண்டையாதான் இருக்கணும்னு 1972-ல ஹாக்கிங் காட்டினாரு. அஞ்சுலயும் இப்படித்தான் இருக்கும்னு பல பேரு எதிர்பாத்தாங்க. எம்பரானும் ரியலும் 2002-ல வெளியிட்ட சொல்யூஷன்ல ஹொரைசான் உருண்டையே இல்ல, மாங்கா கூடை தூக்கறவங்க தலைல சுத்தி வைக்கிற சும்மாடு மாதிரி வளையம், நடுவுல ஓட்ட. தன் ஈர்ப்பால சுருங்கப் பாக்கும், சுத்தற வேகம் வெளிய தள்ளும், ரெண்டும் சரியா நின்னா வளையம் நிக்கும். சுத்தாத வளையத்த எழுதினா கணக்குலயே ஒரு முறிவு வந்துடும், அத தாங்க வெளியிலிருந்து எதாச்சும் வேணும்.

இன்னொண்ணு, எனக்கு ரொம்ப பிடிச்சது: மாஸுக்கு ஏத்தமாதிரி ஸ்பின்ன அளக்கற ஒரு எண் இருக்கு, அதோட வர்க்கம் 27/32-க்கும் 1-க்கும் நடுவுல இருந்தா, அதே மாஸ், அதே ஸ்பின்னுக்கு மூணு ப்ளாக் ஹோல் வருது, ஒரு மையர்ஸ்-பெரி உருண்டை, ஒரு ஒல்லி வளையம், ஒரு தடிச்ச வளையம். ஆக "மாஸும் ஸ்பின்னும் போதும்"ங்கறது ஈர்ப்போட பொது விதி இல்ல, நம்ம நாலோட தனிச் சிறப்பு! இது எக்ஸாக்டா கெடச்சதாலதான் யாரும் மறுக்க முடியல. தோராயமா ஒரு வளையம் காட்டியிருந்தா தோராயத்துல வந்த பிழைன்னு ஒதுக்கியிருப்பாங்க, இதுல ஐன்ஸ்டீன் ஈக்வேஷன்ல போட்டா பூஜ்யம் வருதான்னு யாரு வேணும்னாலும் சரிபாக்கலாம். 2007-ல எல்வாங்கும் ஃபிகேராஸும் நடுவுல உருண்டை, சுத்தி வளையம்னு சனி கிரகம் மாதிரி ஒண்ணையும் எழுதிட்டாங்க.

கேள்வி: அப்படி ஒரு வளையம் உண்மையிலேயே ரொம்ப நாள் நிக்குமா சார்? அஞ்சாவது டைமென்ஷன் இருக்கறதுக்கு ஏதாச்சும் ஆதாரம் உண்டா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: நிக்காதுங்க. சொல்யூஷன் இருக்கறது வேற, லேசா தட்டினா தாங்கறது வேற. ப்ளாக் ஸ்ட்ரிங், அதாவது கயிறு மாதிரி நீளமான ப்ளாக் ஹோல், அங்கங்க குறுகி அங்கங்க பருக்கும்னு கிரெகரியும் லாஃப்லாமும் 1993-லயே காட்டிட்டாங்க. ஒல்லி வளையத்துக்கும் அதே கதிதான்னு 2016-ல வந்த கம்ப்யூட்டர் சிமுலேஷன்ல தெரிஞ்சுது.

ஆதாரம் இதுவரைக்கும் இல்லைங்க. ஜெனீவா பக்கத்துல துகள்கள மோதவிடற எல்.எச்.சி. மெஷின்ல குட்டி ப்ளாக் ஹோல் தேடினாங்க, கெடைக்கல. ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குக்கும் கீழ போயி அளந்து பாத்துட்டாங்க, தூரம் ரெண்டு மடங்கானா இழுவிசை நாலுல ஒரு பங்குங்கற நியூட்டன் விதி அப்படியே நிக்குது.