டிக் பயிற்சிக்கு இப்போதே பணம் கட்டலாமா?

அம்மா, வணக்கம். கடலூரில் ஐடிஐ வெல்டர் படிப்பை முடிக்கப்போகும் உங்கள் மகன் டிக் வெல்டிங்தான் கற்பேன் என்று நிற்கிறார், நகையை அடகு வைத்துப் பணம் கட்டட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது கட்ட வேண்டாம்.

டிக் என்பது ஆர்கான் கேஸின் மறைப்பில், டங்ஸ்டன் முனையின் சூட்டில் உலோகத்தை உருக்கி இணைக்கும் முறை. நல்ல வேலைதான். சிப்காட் ரசாயன ஆலைகளில் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களை இணைக்க அது வேண்டும். வெளியே டார்ச்சில் ஆர்கான் வருவது போதாது, குழாய்க்குள்ளும் ஆர்கான் நிரப்ப வேண்டும். இல்லையென்றால் உள்பக்கம் கருகிச் சர்க்கரை பூத்த மாதிரி ஆகிவிடும், அரிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். ஆனால் அதே டிக்கை வைத்து வீட்டு கேட் செய்தால் நாளும் போகும், கேஸ் காசும் போகும். கேட்டுக்கு 6013 என்ற வகை ராடு போட்டு, அந்த ராடையே உருக்கி இணைக்கும் ஆர்க் அடித்தாலே போதும். ஒரே மாதிரி நூறு ஸ்டாண்டு செய்யும் பட்டறையா? அங்கே மிக்தான், அதாவது கேஸ் மறைப்பில் கம்பியை உருக்கி இணைக்கும் முறை. கம்பி தானாக வரும், ராடு மாற்ற நிற்க வேண்டியதில்லை.

எந்த உலோகம், எவ்வளவு தடிமன், எத்தனை உருப்படி, எந்த இடம். இவைதான் முறையைத் தீர்மானிக்கும். நம் ஊரில் இடத்தை மறக்கவே கூடாது. பழைய துறைமுகப் பக்கம் ஒரு ஷெட்டில் மிக் அடித்துக்கொண்டிருந்தார்கள். வெல்டிங் தையல் முழுக்கப் புழு அரித்த மாதிரி துளை. மெஷினைத் திருகித் திருகிப் பார்த்தார்கள். பக்கத்தில் ஓடிய பெடஸ்டல் ஃபேனை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. ஃபேன் காற்றே கேஸைக் கலைக்குமென்றால் கடல்காற்றை யோசியுங்கள். திறந்தவெளியில் காற்றுக்கு மறைப்பு இல்லாவிட்டால், தனியாகக் கேஸ் தேவைப்படாத ஆர்க்தான் கைகொடுக்கும். அதிலும் 7018 என்ற வகை ராடு ஈரம் இழுக்கும். ராடு காயவைக்கும் மின் அடுப்பில் வைத்து எடுக்காமல் அடித்தால் தையலில் விரிசல் வரலாம்.

உயர் அழுத்தக் குழாய்களில் முதல் ஓட்டத்தை டிக்கில் போட்டு, மேலே ஆர்க்கில் நிரப்புவது வழக்கம். ஆர்க் கை பழகாதவருக்கு அங்கே பாதி வேலைதான் தெரியும்.

இன்னொன்று, இதை யாரும் முதலில் சொல்வதில்லை. வெல்டர் தகுதி முறைக்கு முறை தனி. டிக்கில் தேறியவர் மிக்கில் தேறியவர் ஆகமாட்டார். ஏஎஸ்எம்இ (ASME) என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் விதிப்படி ஒரு முறையில் ஆறு மாதம் வேலை செய்யாவிட்டால் அந்தத் தகுதி காலாவதியாகிவிடும். வேலை கையில் இல்லாமல் இப்போதே சான்றிதழ் வாங்கி வைத்தால் அது பீரோவுக்குள்ளேயே செத்துப்போகும். அதற்காகவா நகை?

முதலில் அப்ரண்டிஸ். நெய்வேலி என்எல்சி வெல்டர் பிரிவிலும் அப்ரண்டிஸ் எடுக்கிறது, அறிவிப்பைக் கவனித்து வாருங்கள். அப்புறம் டிக், அதற்குப் பிறகு குழாயை 45 டிகிரி சாய்த்துப் பொருத்தி எடுக்கும் 6ஜி தேர்வு.

கண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். ஹெல்மெட் கண்ணாடி இல்லாமல் ஒளியைப் பார்த்தால் ராத்திரி கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். துண்டுகள் நகராமல் இருக்கச் சின்னப் புள்ளியாக டேக் வைக்கும் அரை நொடிக்கும் ஹெல்மெட் இறங்க வேண்டும். கால்வனைஸ்டு தகட்டின் புகை காய்ச்சலை உண்டாக்கும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் அடிக்கச் சொல்லுங்கள்.

தம்பியை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். ஆறு மில்லிமீட்டர் தகடு இரண்டை 'டி' மாதிரி நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் ஆர்க் அடித்து, ஆறிய பிறகு சுத்தியலால் தட்டி உடைக்கட்டும். உடைந்த முகத்தைத் துடைக்காமல் அப்படியே எடுத்து வரட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பயிற்சி பற்றிப் பேசுவோம்.