பாட்டுக்கு எதுக்குக் காசு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில வேலை பாக்கறேன். ஷிப்ட் முழுக்க காதுல பாட்டுதான். எல்லாமே ஃப்ரீயா டவுன்லோட் பண்ணது, போன் ஃபுல்லா கெடக்கு. ரூம்ல கூட இருக்கற ஃப்ரெண்டு மாசாமாசம் காசு கட்டி ஆப்ல கேக்கறான், என்னை திருடன்னு ஓட்டறான். நான் கேக்கறது இதுதாங்ணா, படம் ஓடி வசூல் எடுத்தாச்சு, அப்புறம் பாட்டுக்குத் தனியா எதுக்குக் காசு? அப்படியே குடுத்தாலும் ஆடியோ கம்பெனிக்குத்தான் போகுது, மியூசிக் போட்டவருக்கு ஒண்ணும் போறதில்ல. அவன் காசு கட்டறத நிறுத்தினா அடுத்த நாள் அவன்கிட்ட ஒரு பாட்டு இருக்காது, என்கிட்ட எல்லாம் இருக்கும். யார் சொல்றது சரி?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

முதல் காரணத்த உடனே தள்ளிடறேன் தம்பி. படத்தோட வசூல் வேற கணக்கு, பாட்டு வேற கணக்கு. தயாரிப்பாளர் ஆடியோ ரைட்ஸ தனியா ஒரு கம்பெனிக்கு வித்துடுவார், போட்ட பணத்த அவங்க பாட்டுலதான் எடுக்கணும். படம் நாலே நாள்ல பெட்டிக்குள்ள போயி பாட்டு மட்டும் முப்பது வருஷமா ஓடற கதை நமக்குத் தெரியாததா.

காசு குடுத்தா யோக்கியன், ஃப்ரீயா எடுத்தா திருடன்னு உங்க ஃப்ரெண்டு பிரிக்கறாரே, அதையும் நான் ஒத்துக்கல. நீங்க கேசட் ரெக்கார்டிங் சென்டர் பாத்திருக்க மாட்டீங்கன்னு நெனக்கறேன். ரூல்டு பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதி ஒரு 60 நிமிஷ கேசட்டோட கடைல குடுத்தா, சைடுக்கு ஆறு பாட்டு, மிஞ்சிப் போனா ஏழுன்னு அவர் கணக்கு போட்டு, கடைசில ரெண்டு நிமிஷம் மிச்சம் இருந்தா தனக்குப் பிடிச்ச ஏதோ ஒண்ணப் போட்டு பல்லவியோட டக்குனு அறுத்து விட்டு, மேல யாரும் அழிச்சிடக் கூடாதுன்னு மூலைல இருக்கற பிளாஸ்டிக் பல்ல உடைச்சுக் குடுப்பார் (அந்த ஓட்டைல செலோடேப் ஒட்டினா மறுபடி ரெக்கார்ட் பண்ணலாம்ங்கறது ஊருக்கே தெரியும்). இதுக்கெல்லாம் காசு வாங்குவார், வேலைக்கேத்த கூலிதான். ஆனா அதுல ஒரு பைசா பாட்டு எழுதினவருக்கோ மெட்டு போட்டவருக்கோ போகல. அப்புறம் பர்மா பஜார்ல ஒரே எம்பி3 சிடில 150 பாட்டு வித்தப்பவும் அதே கதைதான். இந்தப் பக்கம் பாருங்க, யூடியூப்ல கம்பெனியோட சொந்த சேனல்ல விளம்பரத்தோட பாட்டு கேக்கறவர் ஒத்த ரூபா செலவு பண்றதில்ல, ஆனா விளம்பரக் காசுல ஒரு பங்கு பாட்டுக்கு உரிமை உள்ளவங்களுக்குப் போகுது. அதனால குடுத்தியா குடுக்கலையான்னு நான் கேக்க மாட்டேன், யார் கைக்குப் போச்சுன்னுதான் கேப்பேன்.

இப்ப உங்க ரெண்டாவது காரணம். மியூசிக் போட்டவருக்குப் போகலங்கறது ரொம்ப காலம் உண்மைதான். மொத்தமா ஒரு தொகை, அதோட உனக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லைன்னு கையெழுத்து வாங்கிடுவாங்க. 2012ல காப்பிரைட் சட்டத்தத் திருத்தினாங்க, இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் ராஜ்யசபா எம்பியா இருந்து அதுக்காக மல்லுக்கட்டினார். அதன்படி தியேட்டர்ல படத்தோட ஓடறதத் தவிர மத்த எல்லா வழில வர்ற வருமானத்துலயும் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் பங்கு உண்டு, அந்த உரிமைய அவங்களே விரும்பினாக் கூட கம்பெனிக்கு எழுதிக் குடுக்க முடியாது, குடுத்தாலும் செல்லாது, வாரிசுக்கோ காப்பிரைட் சொசைட்டிக்கோ மட்டும்தான் குடுக்கலாம். வசூல் பண்ணிப் பிரிச்சுக் குடுக்கறதுக்கு ஐபிஆர்எஸ்னு ஒரு சொசைட்டி 1969லேர்ந்தே இருக்கு. 2017ல எஸ்பிபி அமெரிக்கால கச்சேரி பண்ணிட்டு இருந்தப்ப தன் பாட்ட அனுமதி வாங்காமப் பாடக் கூடாதுன்னு இளையராஜா தரப்புலேர்ந்து வக்கீல் நோட்டீஸ் போச்சே, அப்ப ஊரே ரெண்டா நின்னு சண்ட போட்டுச்சு, ராயல்டின்னா என்னன்னு பாதிப்பேர் அன்னிக்குத்தான் விசாரிச்சாங்க. சட்டம் வந்ததால எல்லாருக்கும் ஒழுங்கா வந்துடுதுன்னு நான் சொல்லல, வயலின் வாசிச்சவருக்கும் தவில் வாசிச்சவருக்கும் பெரும்பாலும் கால்ஷீட் சம்பளத்தோட சரி. ஆனா கம்பெனி அவருக்கு சரியாக் குடுக்கலங்கறதுக்காக நீங்களும் குடுக்காம விட்டா அவருக்கு எங்கேர்ந்துங்க வரும்? அவர் பேரச் சொல்லி நம்ம பாக்கெட்டக் காப்பாத்திக்கறோம், அவ்வளவுதான். கோவிச்சுக்காதீங்க.

உங்க ஃப்ரெண்டும் ரொம்பத் துள்ள வேண்டாம்னு சொல்லுங்க. தான் கட்டற காசு தான் கேட்ட பாட்டுக்குப் போகுதுன்னு அவர் நெனச்சிட்டு இருப்பார். ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்ல அப்படி இல்ல, எல்லார் காசும் ஒரே உண்டியல்ல விழுந்து, எந்தப் பாட்டு மொத்தத்துல எவ்வளவு ஓடுச்சோ அந்த விகிதத்துல பிரியும். மாசம் பூரா அவர் ஒரு சின்ன பேண்டோட பாட்டையே திருப்பித் திருப்பிக் கேட்டாலும் அவரோட காசுல பெரும்பங்கு அவர் கேக்கவே கேக்காத ஹிட் பாட்டுக்குப் போயிருக்கும். இதுல 2024லேர்ந்து, 12 மாசத்துல 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபைல ராயல்டியே கிடையாது. யார் கேட்டாங்களோ அவங்க காசு அந்தக் கலைஞருக்கேன்னு சவுண்ட்கிளவுட்ங்கற இன்னொரு பாட்டு ஆப் 2021ல ஒரு முறை கொண்டுவந்தாங்க, என்னைக் கேட்டா அதுதான் நியாயம்.

காசு கட்டற ஆப்ல பாட்டு கையில நிக்காதுன்னு மூணாவதா சொன்னீங்களே, அது சரிதான். 2019ல ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்த புதுசுல சரிகம கம்பெனி கூட தகராறாகி கேஸாகி அவங்க பாட்டு மொத்தமும் காணாமப் போச்சு. ஹெச்எம்வி இசைத்தட்டு காலத்துப் பாட்டுல பெரும்பாலானது அவங்களோடதுதான், எம்எஸ்வி கேக்கலாம்னு தேடினா பாதி இருக்காது, 2020ல ஒப்பந்தம் போட்ட பிறகுதான் திரும்பி வந்துச்சு. காசு கட்டினவனுக்கும் அதே கதிதான். இதே சரிகம 2017ல கார்வான்னு பழைய ரேடியோ மாதிரி ஒரு பெட்டி விட்டாங்க, 5,000 பாட்டு உள்ளயே இருக்கும், நெட் வேண்டாம், ஆப் வேண்டாம். யூடியூப்ல சும்மா கெடைக்கற பாட்டையே ஜனங்க ஆயிரக்கணக்குல ரூபா குடுத்து, அப்பா அம்மாவுக்கு கல்யாண நாளுக்குன்னு வாங்கிட்டுப் போனாங்க. கையில நிக்கும்னா நம்மாளுங்க காசு எடுக்கத்தான் செய்யறாங்க.

போன்ல இருக்கறத அழிங்கன்னு நான் சொல்லி நீங்க அழிக்கப் போறதில்ல, அதனால அத விட்டுடறேன். எனக்கு உண்மையிலேயே வயித்தெரிச்சல் எங்கன்னா, சினிமாவுக்கு வெளிய, கம்பெனி கிம்பெனி எதுவும் இல்லாம, ஸ்டுடியோ வாடகைய கைக்காசுல கட்டி ஆல்பம் போடற பசங்க இருக்காங்களே, அவங்க பாட்டையும் அதே மாதிரி ஃப்ரீயா எறக்கிட்டு நாலு குரூப்ல ஃபார்வர்டு பண்றதுதான். அங்க உங்க 200 ரூபாவுக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கு. பேண்ட்கேம்ப்னு கலைஞருங்களே நேரா பாட்டு விக்கற சைட்டுல வெச்சிருந்தா வாங்குங்க, டிஜிட்டல் விற்பனைல அந்த சைட்டு 15 சதவீதம் எடுக்குது, பேமெண்ட் சார்ஜ் கொஞ்சம் போகும், மிச்சம் அவங்களுக்கு. ஃபைலா எறங்கி உங்ககிட்டயே இருக்கும், எந்த ஆப்பும் வந்து புடுங்கிக்காது. பேண்ட்கேம்ப்ல இல்லைன்னா கோயமுத்தூர் பக்கம் அவங்க கச்சேரி வர்றப்ப ஃப்ரெண்டையும் கூட்டிட்டுப் போங்க, ஆனா தெரிஞ்சவர் மூலமா பாஸ் கெடைக்குமான்னு யாருக்கும் போன் போடாம டிக்கெட் எடுத்துட்டுப் போங்க.