இடிக்கத்தானே போகிறோம், அதற்கு எதற்குத் திட்டம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய இரண்டு மாடி வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம். "காலம் காலமா இதே வேலைதான் செய்யறேன், பார்த்தாலே தெரிஞ்சிடும், எழுதி வைக்க என்ன இருக்கு" என்கிறார் இடிக்க வருபவர். அவர் அனுபவத்தை நம்பி விட்டுவிடலாமா?

வேண்டாம், எழுதித்தான் வாங்குங்கள். அவரைக் குறைத்துச் சொல்வதற்காக இல்லை. உருப்படியாக எழுதித் தரவே அவரைப் போன்ற அனுபவசாலியும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரும் சேர்ந்து உட்கார வேண்டும்.

கட்டும்போது ஒவ்வொரு நாளும் கட்டடம் முந்தைய நாளைவிடப் பலமாகிறது. இடிக்கும்போது நேர்மாறு. நேற்று நீங்கள் நின்று வேலை பார்த்த இடம் இன்று தாங்கும் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்றை நேற்று மாலை எடுத்துவிட்டீர்கள். அதனால் இந்தத் திட்டத்துக்கு அடிப்படையான ஆபத்து மதிப்பீடு என்பது ஒரு படிவத்தை நிரப்பிக் கோப்பில் செருகும் வேலை அல்ல. "இதை எடுத்த பிறகு மீதி இருப்பது எதன் பலத்தில் நிற்கும்?" என்ற கேள்வியை ஒவ்வொரு கட்டத்துக்கும் கேட்டு, பதிலை எழுதி, அந்த வரிசையை மாற்றாமல் வேலை செய்வது. அமெரிக்க வேலையிடப் பாதுகாப்பு விதிகள், இடிப்பு தொடங்கும் முன் தகுதியுள்ள ஒருவர் சட்டகம், தளம், சுவர் எல்லாவற்றையும் பார்த்து, எதிர்பாராமல் சரியும் வாய்ப்பு உண்டா என்று ஆராய்ந்து, பார்த்ததற்கு எழுத்துச் சான்று வைத்திருக்க வேண்டும் என்கின்றன. பிரிட்டனின் 2015 கட்டுமான விதிகளும் இடிப்பு ஏற்பாடுகளை வேலைக்கு முன்பே எழுத்தில் கேட்கின்றன.

பார்த்தாலே தெரிந்துவிடும் என்கிறாரே, ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பலகைக்குக் கீழே முட்டு எதுவும் கிடையாது. லிண்டலுக்கு (ஜன்னல் திறப்பின் மேல் சுவரைத் தாங்கும் குறுக்குப் பீம்) மேலே இருக்கும் சுவரின் கனம் அதன் உள்பக்கத்தை அழுத்திப் பிடித்திருப்பதால்தான் அது நிற்கிறது. மேலிருந்து செங்கல்லை ஒவ்வொரு வரிசையாக எடுத்துக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு வரிசையில் அந்தக் கனம் போதாமல் போய் சன்ஷேடு அப்படியே முன்பக்கம் புரண்டு விழும், கீழே யார் இருந்தாலும் சரி. ஆகவே சன்ஷேடுக்கு முதலில் கீழே முட்டு கொடுக்க வேண்டும், இல்லை மேல் சுவரைத் தொடும் முன்பே சன்ஷேடை உடைத்து எடுத்துவிட வேண்டும். சுவரை நம்பி நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்கும் இதே கதைதான். நிலத்தடித் தளம் இருந்தால் இன்னும் கவனம், அங்கே தரைத்தள ஸ்லாப்தான் பல நேரங்களில் பக்கச் சுவரை மண் உள்ளே தள்ளிவிடாமல் தாங்கிக்கொண்டிருக்கும்.

எழுத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். சுமையைத் தாங்குவது சுவரா, பில்லரும் பீமுமா. பின்னாளில் யாராவது சுவரை எடுத்து அறையைப் பெரிதாக்கினார்களா, மேலே ஒரு தளம் ஏற்றினார்களா (இது எந்த வரைபடத்திலும் இருக்காது, வீட்டில் இருந்தவர்களைக் கேட்டால்தான் தெரியும்). தீப்பட்ட இடம், கசிவு, துரு எங்கே. எதை முதலில் எடுப்பது, எதுவரை எதைத் தொடக் கூடாது, சாயங்காலம் வேலையை நிறுத்தும்போது எந்த நிலையில் விட்டுப் போகலாம். இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பாதி இடித்த கட்டடம் ராத்திரி மழையையும் காற்றையும் ஆள் இல்லாமல் தனியாகத் தாங்கியாக வேண்டும்.

கேள்வி: கதவு, ஜன்னல், மர உத்திரம், இரும்பு எல்லாம் நல்ல விலைக்குப் போகும். அவற்றை முதலில் கழற்றிக்கொண்டு, வெறும் கூடாக்கி இடித்தால் என்ன?

கதவும் ஜன்னலும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. உத்திரத்தில் கை வைக்கும் முன் நில்லுங்கள். பழைய கட்டடங்களில் உத்திரம் தளத்தைத் தாங்குவதோடு, எதிரெதிர்ச் சுவர்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்தும் வைத்திருக்கும். அதை உருவிவிட்டால் சுவர் தனியே நிற்கும், தனியே நிற்கும் உயரமான சுவருக்குக் காற்றே போதும்.

2013 ஜூனில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்தது இதுதான். நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் உள்ளே இருந்த உத்திரங்களையும் தளங்களையும் எடுத்துவிட்டார்கள், பக்கத்துச் சுவர் முட்டு இல்லாமல் உயரமாக நின்றது. ஒட்டியிருந்த ஒரு மாடிக் கடை வழக்கம்போலத் திறந்திருந்தது. சுவர் அந்தக் கடை மேல் விழுந்தது. ஆறு பேர் அன்றே இறந்தார்கள், காயம்பட்ட ஏழாவது நபர் சில வாரங்கள் கழித்து. ஒரு மாடிக்கு மேல் உயரமுள்ள எந்தச் சுவரையும், தனியே நிற்கும்படி முதலிலேயே கட்டப்பட்டதாக இல்லாவிட்டால், பக்கவாட்டு முட்டு இல்லாமல் விடக் கூடாது என்ற விதி அந்த நாட்டில் இருக்கவே செய்தது. விற்கிற மரத்துக்காக வரிசையை மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: இடிசலை மேல்தளத்திலேயே குவித்துவிட்டு கடைசியில் மொத்தமாக அள்ளினால் லாரி நடை குறையுமே?

நடை குறையும், தளம் தாங்காது. கணக்கு எளிது. குடியிருப்பு வீட்டின் தளம், அதன் சொந்த எடை போக, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ கூடுதல் சுமையைத் தாங்கும்படிதான் வழக்கமாக வடிவமைக்கப்படுகிறது. உடைந்த கான்கிரீட்டும் செங்கல்லும் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒன்றரை டன் வரும். வெறும் 30 செ.மீ. உயரத்துக்குப் பரப்பிவிட்டாலே சதுர மீட்டருக்கு 450 கிலோ ஆகிவிடுகிறது, இரண்டு மடங்குக்கு மேல். மழையில் நனைந்தால் இன்னும் கூடும். அந்தத் தளமோ பழசு, அதிர்வில் ஏற்கனவே விரிசல் விட்டிருக்கும். அது உடைந்து கீழ்த்தளத்தில் விழுந்தால் கீழ்த்தளமும் போகும். அன்றன்றைக்கு இறக்குங்கள், மூடிய சரிவுக் குழாய் வழியாக, கீழே யாரும் நுழையாதபடி அடைத்த இடத்தில். தளத்தில் துளை போட்டுக் கொட்டுவதானால் துளைகளின் மொத்தப் பரப்பு தளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதிகளில் பல காலமாக இருக்கும் வரம்பு. சிறிய பொக்லைனை மேல்தளத்தில் ஏற்றும் திட்டம் இருந்தால், எடை எவ்வளவு, கீழே எத்தனை தளங்களுக்கு முட்டு, என்ற இரண்டுக்கும் பொறியாளரின் கையெழுத்தில்லாமல் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

கேள்வி: மெயினை அணைத்துவிட்டால் போதும்தானே?

போதாது. மின்சாரம், எரிவாயு இரண்டையும் வீட்டு எல்லைக்கு வெளியிலேயே துண்டிக்கச் செய்து, துண்டித்தாயிற்று என்று அந்தந்தத் துறையிடம் எழுதி வாங்குங்கள். வேலைக்குத் தேவையான மின்சாரத்தைத் தனி இணைப்பில் எடுங்கள். மாடியில் சோலார் பலகை இருந்தால் வெயில் இருக்கும்வரை அதில் மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும், மெயினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்வெர்ட்டர் பேட்டரியும் அப்படித்தான். அப்புறம் சம்ப், செப்டிக் டேங்க் எங்கே என்று முதல் நாளே குறித்து வேலி போடுங்கள், அவற்றின் மூடி பொக்லைனைத் தாங்காது.

கேள்வி: என் கணவர் இடிப்பு வேலைக்குப் போகிறார். தூசிக்கு மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்கிறார். இருமல் விடாமல் இருக்கிறது. துண்டு போதுமா?

போதாதம்மா. முதலில் அவரை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், என்ன வேலை செய்கிறார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், அதைச் சொன்னால்தான் எந்தத் திசையில் பார்ப்பது என்று மருத்துவருக்குத் தெரியும்.

கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத தூசிதான் நுரையீரலின் அடி வரை போகிறது. கான்கிரீட், செங்கல், கல் எல்லாவற்றிலும் இருக்கும் சிலிக்காத் துகள் அந்த ரகம். துணி அதைத் தடுக்காது. அதனால் வரும் சிலிகோசிஸ் நோயில் நுரையீரலில் விழுந்த தழும்பைத் திரும்ப ஆற்றவும் முடியாது. அமெரிக்க விதிப்படி எட்டு மணி நேர வேலையில் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம்தான் இருக்கலாம், அது எவ்வளவு சொற்பம் என்றால் காய்ந்த கான்கிரீட்டை பிரேக்கரால் உடைக்கும் இடத்தில் சீக்கிரமே தாண்டிவிடும். உடைக்கிற இடத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே உடைக்கச் சொல்லுங்கள், அதுதான் முதல் வழி. அதற்கும் மேல் முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 முகமூடி. தாடி இருந்தால் ஓரத்தில் கசியும்.

பழைய கூரைத் தகடு, குழாய் உறை போன்றவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் இது இன்னும் பெரிய விஷயம். உடைக்கவே கூடாது. நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாக இறக்கி, உறையில் மூடி அனுப்ப வேண்டும். என்95 அதற்குப் போதாது, அந்த வேலைக்கென்று பயிற்சி பெற்றவர்கள்தான் தொட வேண்டும். அந்த இழையால் வரும் புற்றுநோய் 20, 30, 40 வருடங்கள் கழித்துத் தலைகாட்டும். வேலைக்குப் போனவரின் துணியைத் துவைத்த மனைவிக்கே வந்த நிகழ்வுகள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. அதனால் உங்களுக்காகவும் சொல்கிறேன், உடையை வேலை இடத்திலேயே மாற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். வீட்டில் அதை உதறாதீர்கள், மற்ற துணியோடு போடாதீர்கள்.

கேள்வி: புதிதாகச் சேர்ந்த பாதுகாப்புப் பொறியாளர் நான். ஆபத்து மதிப்பீட்டில் எல்லா வேலைக்கும் நேரே ஹெல்மெட், பூட்ஸ், பெல்ட் என்று எழுதினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

திருப்பி அனுப்பியவர் உங்களுக்கு நல்லது செய்திருக்கிறார். ஹெல்மெட் கடைசி வரிசை. முதலில் ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா பாருங்கள். ஆளை மேலே ஏற்றி உடைப்பதற்குப் பதில் நீண்ட கை எந்திரத்தால் தரையில் இருந்தே உடைத்தால், விழ ஆளே இல்லை. அது முடியாத இடத்தில் தடுப்பு, வலை, முட்டு. அதற்குப் பிறகு ஆள் நடமாட்டக் கட்டுப்பாடு, அனுமதிச் சீட்டு, பயிற்சி. மிச்சமிருக்கும் ஆபத்துக்குத்தான் ஹெல்மெட்டும் பெல்ட்டும். பெல்ட் என்று எழுதினால் கொக்கியை எங்கே மாட்டுவது என்றும் எழுதுங்கள், இன்று மாட்டிய பீமை நாளை உடைக்கப்போகிறார்கள் இல்லையா.

இன்னொன்று. யாரும் தொடாதபோது பொடி உதிர்வது, முட்டு வளைவது, புது விரிசல், சுவர் வயிறு தள்ளுவது, முறியும் சத்தம், இதில் எது தெரிந்தாலும் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று கத்தலாம், கத்தியவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று எழுதி, காலைக் கூட்டத்தில் தினமும் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கத்து மனையில் ஐந்து மாடிக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். குடியிருக்கும் நாங்கள் என்ன கேட்கலாம்?

நிறையக் கேட்கலாம், கேட்பது உங்கள் உரிமை. வேலை தொடங்கும் முன் உங்கள் வீட்டுச் சுவர்களை இரு தரப்பும் சேர்ந்து தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள், இருக்கிற விரிசலுக்கு அளவும் குறித்து. பின்னால் எது புதுசு எது பழசு என்று சண்டை வராது. பொதுச்சுவர் உண்டென்றால் அதை எப்படித் தாங்கப்போகிறார்கள் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம், எந்தப் பக்கமிருந்து இடிக்கிறார்கள், கட்டடம் திட்டத்தை மீறி விழுந்தால் எதுவரை வரும் என்பது. 2021 ஜூனில் தென் கொரியாவின் குவாங்ஜு நகரில் ஐந்து மாடிக் கட்டடத்தை மேலிருந்து படிப்படியாக இறக்காமல், பின்னால் மண்மேடு குவித்து அதன் மேல் எந்திரத்தை ஏற்றி இடித்தார்கள். கட்டடம் முழுசாகச் சாலைப் பக்கம் சாய்ந்து, நிறுத்தத்தில் நின்ற பேருந்தின் மேல் விழுந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயம். சாலையை மூடவில்லை, நிறுத்தத்தைத் தள்ளி வைக்கவும் இல்லை. ஆகவே உங்கள் தெருவில் அந்தப் பக்கம் நடைபாதையோ பேருந்து நிறுத்தமோ இருந்தால், வேலை நேரத்தில் அதை எங்கே மாற்றுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். வேலையை உடனே நிறுத்தும் அதிகாரம் தளத்தில் யாரிடம் இருக்கிறது, அவர் எண் என்ன என்பதையும் எழுதி வாங்கி, தெருவில் எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.